மதுரை வீதிகளில் ‘கீழ’ என்றால் கீழே இல்லை

மதுரைக்குள் முதல்முறை கார் ஓட்டி வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, “மாசி வீதிக்கு எப்படிண்ணே போகணும்?” என்று மொட்டையாகக் கேட்பது. டீயை ஆற்றிக்கொண்டே கடைக்காரர் திருப்பிக் கேட்பார்: “எந்த மாசி?”

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்தவை இந்த வீதிகள். ஆடி வீதி கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. வெளியே வந்தால் சித்திரை, ஆவணி மூலம், மாசி, கடைசியாக வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம். மாதப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றினால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சரி, திசையைக் கேட்டுக்கொண்டு வந்தாலும் அடுத்த குழப்பம் காத்திருக்கும். கீழமாசி என்றால் கிழக்கு மாசி, மேலமாசி என்றால் மேற்கு மாசி. ‘கீழ’ என்றதும் கோயிலுக்குப் பின்னால் ஏதோ பள்ளமான தெரு என்று நினைத்த நண்பர் ஒருவர், கீழமாசி வீதி விளக்குத்தூணுக்குப் போக வேண்டியவர், ரயில் நிலையத்துக்கு எதிரே மேலவெளி வீதியில் நின்றுகொண்டு போன் செய்தார். ஊரின் நேர் எதிர்ப்பக்கம்!

மேப் காட்டுகிறதே என்று சந்துக்குள் குறுக்கே விடுவதுதான் எனக்குத் தெரிந்து பெரிய தவறு. சித்திரை வீதிகளில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. விளக்குத்தூண் பக்கத்துச் சந்துகளில் ஜவுளி மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி எதிரே வந்தால் ரிவர்ஸ் எடுக்க வேண்டியவர் நீங்கள்தான். வெளி வீதியிலேயே சுற்றி வாருங்கள். உங்களுக்கு வேண்டிய பக்கம் வந்த பிறகு உள்ளே திரும்புங்கள். பழைய கோட்டைச் சுவர் இருந்த இடத்தை ஒட்டியதுதான் இந்த வெளி வீதி. ஆங்கிலேயர் ஆட்சியில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் சுவரை இடித்தார்கள். ஊர் வெளியே பரவியது. விளக்குத்தூணே அவர் நினைவாக வைத்ததுதான். இடிப்புக்கும் நில அளவைக்கும் துணை நின்றவர்களின் பெயர்களும் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவில் நிற்கின்றன. மாதப் பெயர் வரிசையில் இவற்றைத் தேடாதீர்கள்.

திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று: சித்திரைத் தேர் ஓடுவது சித்திரை வீதியில் அல்ல, மாசி வீதிகளில். திருக்கல்யாணத்துக்கு மறுநாள் காலை கீழமாசி வீதி தேரடியில் காரை நிறுத்தலாம் என்று வந்துவிடாதீர்கள். அன்றைக்கு அங்கே தேருக்கு மட்டும்தான் இடம்.