தொடக்கத்தில் தாவலா? முதல் அடிகளை மட்டும் மாற்றுங்கள்

வெப்பம் பரவுவதைச் சொல்லும் வெப்பச் சமன்பாட்டைக் கணினியில் சின்னச் சின்ன நேர அடிகளாகத் தீர்க்கும்போது, தொடக்க வெப்பநிலை ஓரிடத்தில் சட்டென்று தாவினால், இதற்கு வழக்கமாகப் பயன்படும் கிராங்க்-நிக்கல்சன் முறை பல்லிளித்துவிடும். உண்மையான தீர்வு அடுத்த கணமே வழவழப்பாகிவிடுகிறது. நம் விடையோ தாவல் பக்கத்தில் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். நெருக்கமாக ஏறியிறங்கும் கூறுகளை இம்முறை ஒவ்வொரு அடியிலும் ஏறக்குறைய −1 ஆல் பெருக்குகிறது. குறி மாறுமே தவிர அளவு குறையாது. நேர அடியைச் சுருக்கியும் சரிசெய்யலாம்தான், ஆனால் கட்டுப்படியாகாது.

முதல் இரண்டு அடிகளுக்குப் பதிலாகப் பாதி நீளத்தில் நான்கு பின்னோக்கு ஆய்லர் அடிகள் போடுங்கள்; துல்லியம் குறைந்த முறைதான், ஆனால் இந்த ஆட்டத்தை அடக்கிவிடும். அப்புறம் வழக்கம்போல கிராங்க்-நிக்கல்சன். கணிதவியலாளர் ரன்னாகர் 1984-இல் முன்வைத்த யோசனையிலிருந்து வந்த வழி இது. கிராங்க்-நிக்கல்சனின் இரண்டாம் படித் துல்லியமும் (அடியைப் பாதியாக்கினால் பிழை கால்வாசியாவது) கெடாது. தாவல், நாம் மதிப்பைக் கணக்கிடும் கட்டப்புள்ளி ஒன்றின் மேலேயே விழுந்தால், அங்கே இருபக்க மதிப்புகளின் சராசரியை வையுங்கள்.