வீடியோ சுருக்கும் மென்பொருளை விற்பதற்கு முன்

பழைய வண்ணாரப்பேட்டையில் கல்யாண வீடியோ ஸ்டுடியோக்காரர்களுக்குப் பெரிய கோப்புகளைச் சுருக்கித் தரும் மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். வேலை கற்க வரும் தம்பிகள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, சுருக்கும் நிரலெல்லாம் யாரும் எடுத்துக்கொள்ளும் ஓப்பன் சோர்ஸ்தானே, அப்படியே நம்ம மென்பொருளில் சேர்த்து விற்கலாமா?" விற்கலாம். ஆனால் நிரலை எழுதியவர் தரும் அனுமதி வேறு, சுருக்கும் முறைக்குக் காப்புரிமை வைத்திருப்பவர் தரும் அனுமதி வேறு. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் நிரல். வீடியோவைச் சுருக்க உதவும் ஓப்பன் சோர்ஸ் கருவியான எஃப்எஃப்எம்பெக்கை டெர்மினலில் ஓடவிட்டால் மேலே 'கான்ஃபிகரேஷன்' என்று ஒரு வரி வரும். அதை நிதானமாகப் படியுங்கள். எஃப்எஃப்எம்பெக் அடிப்படையில் எல்ஜிபிஎல், அதாவது உங்கள் சொந்த நிரலைத் திறக்காமலே சேர்த்துக்கொள்ள விடும் தளர்வான உரிமம். 'எனேபிள் ஜிபிஎல்' என்று இருந்தால் மொத்தமும் அதைவிடக் கண்டிப்பான ஜிபிஎல் உரிமத்துக்கு மாறிவிடும். ஹெச்.264, ஹெச்.265 என்ற சுருக்கும் முறைகளுக்கான நிரல்களான எக்ஸ்264, எக்ஸ்265 சேர்க்க அது கட்டாயம். அப்படி ஜிபிஎல் ஆனதை உங்கள் நிரலோடு இணைத்து விற்றால், வாங்குபவருக்கு உங்கள் மூல நிரலையும் தர வேண்டும். தர மனமில்லையா? எக்ஸ்264, எக்ஸ்265 இரண்டுக்குமே காசு கட்டி வாங்கும் வணிக உரிமம் உண்டு. எக்ஸ்265-ஐ வளர்க்கும் மல்டிகோர்வேருக்குச் சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. 'எனேபிள் நான்ஃப்ரீ' என்று கண்ணில் பட்டால் அந்த பைனரியை (ஓடத் தயாராக இருக்கும் கோப்பை) யாருக்கும் கொடுக்காதீர்கள்.

அப்புறம் காப்புரிமை. எக்ஸ்264-க்கு வணிக உரிமம் வாங்கினாலும் ஹெச்.264 காப்புரிமைக் கட்டணம் அதில் அடங்காது. பலருடைய ஹெச்.264 காப்புரிமைகளை ஒன்றாகச் சேர்த்து உரிமம் தரும் காப்புரிமைத் தொகுப்பை எம்பெக் எல்ஏ என்ற நிறுவனம் நடத்திவந்தது; 2023-இல் அது வயா என்ற நிறுவனத்தின் வசம் போனது. அதன் விகிதப்படி ஆண்டுக்கு முதல் 1,00,000 பிரதிகளுக்குக் கட்டணமில்லை. அதைத் தாண்டினால் 50 லட்சம் வரை பிரதிக்கு 20 சென்ட். நம்மைப் போன்ற சின்னக் கடைகளுக்கு இது பெரிய நிம்மதி. ஆனாலும் உரிம ஒப்பந்தம் வேண்டும்.

இன்னொரு வழி, சிஸ்கோ நிறுவனம் தரும் ஹெச்.264 நிரலான ஓப்பன்ஹெச்264. பயனரின் கணினி சிஸ்கோவிடமிருந்தே பைனரியை இறக்கிக்கொண்டால் கட்டணம் சிஸ்கோவின் பொறுப்பு. அதே நிரலை நீங்களே கம்பைல் செய்து (மூல நிரலிலிருந்து பைனரி உருவாக்கி) கொடுத்தால் அந்தச் சலுகை போய்விடும்.

ஹெச்.265 பக்கம் போகாதீர்கள் என்பேன். அதற்குக் காப்புரிமைத் தொகுப்புகள் ஒன்றுக்கு மேல். ஒரு தொகுப்புக்குக் கட்டினால் தீராது. கணினிக்கு வலு இருந்தால் ஏவி1 என்ற சுருக்கும் முறையை எடுங்கள். அதற்கான எஸ்விடி-ஏவி1 நிரல், மூல நிரலைத் தரச் சொல்லாத பிஎஸ்டி வகை உரிமத்தில் வருகிறது, கூடவே ஏவி1-ஐ உருவாக்கிய நிறுவனங்களின் கூட்டமைப்பு தரும் காப்புரிமை உரிமமும் கட்டணமின்றி உண்டு. கூட்டமைப்புக்கு வெளியே சிஸ்வெல் என்ற காப்புரிமை உரிம நிறுவனம் ஏவி1-க்கும் கட்டணம் கேட்கிறது, அதையும் மனதில் வையுங்கள். ஒலியைச் சுருக்க ஓபஸ் என்ற முறை போதும்.

சரி, எதைத் தேர்ந்தாலும் உரிமக் கோப்புகளை இன்ஸ்டாலரிலேயே சேர்த்துவிடுங்கள். அந்த கான்ஃபிகரேஷன் வரியையும் பதிப்பு எண்ணோடு அதில் எழுதி வையுங்கள்.