பல பிடிஎஃபிலிருந்து வேண்டிய பக்கங்களை மட்டும் எடுத்து ஒரே கோப்பாக்க

வக்கீல் அலுவலகத்தில் ஆவணம் தொகுத்துக் கொடுப்பது என் வேலை. ஒப்பந்தத்தில் சில பக்கம், வங்கி அறிக்கையில் ஒரு பக்கம், ஸ்கேன் செய்த கடிதம் என்று பொறுக்கி எடுத்து ஒரே பிடிஎஃப் ஆக்கித் தர வேண்டும். எந்த மென்பொருள் நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எது வைத்திருந்தாலும் ஒட்டுகிற வேலை சட்டென்று முடிந்துவிடும். நேரம் பிடிப்பது அதற்கு முன்னால், எந்தப் பக்கங்கள், எந்த வரிசையில் என்று முடிவு செய்வதில்தான். அதனால் மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு துண்டுச் சீட்டில் பட்டியல் எழுதிவிடுங்கள். என் சீட்டு இப்படி இருக்கும்:

ஒப்பந்தம் – 1, 17-20, 58
வங்கி அறிக்கை – 3
கடிதம் – 1-2
ஒப்பந்தம் – 66-70
மொத்தம் 14

அந்த 17-20 எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். தாளின் அடியில் அச்சாகியிருப்பது 11 முதல் 14 வரை. முகப்பு, பொருளடக்கம், கட்சிக்காரர் விவரம் என்று முன்னால் எண் போடாத ஆறு பக்கங்கள் இருப்பதால் கோப்பின் கணக்கில் அது 17-லிருந்து தொடங்குகிறது. மென்பொருளுக்குத் தெரிவது கோப்பின் கணக்கு மட்டுமே. பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மேலே உள்ள எண் பெட்டியைப் பாருங்கள். சில ரீடர்கள் இரண்டையும் காட்டும்: பெட்டியில் 11, அதன் அருகிலேயே ‘70-ல் 17’ என்று. பட்டியலில் எழுத வேண்டியது 17. யாராவது வாய்மொழியாக ‘பன்னிரண்டாம் பக்கம்’ என்று சொன்னால், அச்சு எண்ணா கோப்பு எண்ணா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

கடைசி வரியில் உள்ள மொத்தத்தை அலட்சியம் செய்யாதீர்கள். சேர்த்து முடித்த கோப்பில் 14 பக்கம் இல்லையென்றால், எதுவும் படித்துப் பார்க்காமலே தவறு நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இனி மென்பொருள். விண்டோஸிலும் லினக்ஸிலும் நான் பயன்படுத்துவது பிடிஎஃப்சாம் பேசிக். இலவசம், திறமூல மென்பொருள் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம்), கோப்புகள் உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது. அதில் ‘மெர்ஜ்’ பகுதிக்குப் போய் கோப்புகளை வரிசையாக இழுத்துப் போடுங்கள். ஒவ்வொரு கோப்பின் வரிசையிலும் பக்க எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கும். சீட்டில் உள்ளதை அப்படியே தட்டுங்கள்: 1,17-20,58. கட்டத்தைக் காலியாக விட்டால் முழுக் கோப்பும் வந்துவிடும். ஒப்பந்தம் என் பட்டியலில் இரண்டு இடத்தில் வருகிறது, ஆகவே அதே கோப்பை இரண்டு முறை சேர்த்து, இரண்டாவதில் 66-70 என்று கொடுக்கிறேன். ஓட்டினால் புதுக் கோப்பு தயார். மூலக் கோப்புகளில் கை வைக்காது.

கண்ணால் பார்த்துப் பார்த்து அடுக்க விரும்புகிறவர்களுக்கு பிடிஎஃப் அரேஞ்சர் வசதி. எல்லாக் கோப்புகளையும் திறந்தால் பக்கங்கள் சின்னச் சின்னப் படங்களாகப் பரவிக்கிடக்கும். வேண்டாததை அழித்து, வேண்டியதை இழுத்து இடம் மாற்றி, படுத்துக்கிடக்கும் பக்கத்தை நிமிர்த்தி, சேமித்துக்கொள்ளலாம். பத்து இருபது பக்கத்துக்கு இதைவிடச் சுகமான வழி இல்லை. 300 பக்கக் கோப்புகள் நாலைந்து என்றால் கண் வலிக்கும். அங்கே எண் கொடுக்கும் முறைதான் சரி.

மேக் வைத்திருப்பவர்கள் எதையும் நிறுவ வேண்டியதில்லை, அதிலேயே இருக்கும் ப்ரிவ்யூ போதும். இரண்டு கோப்புகளையும் திறந்து, இரண்டிலும் தம்ப்நெயில் பட்டையை (பக்கங்கள் சின்னப் படங்களாக வரும் ஓரப் பட்டை) காட்டச் செய்து, ஒன்றிலிருந்து மற்றதற்குப் பக்கத்தை இழுத்துவிடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: ப்ரிவ்யூ தானாகவே சேமித்துக்கொண்டிருக்கும், நீங்கள் இழுத்துப் போடும் பக்கம் மூலக் கோப்பிலேயே போய் உட்கார்ந்துவிடும். முதலில் நகல் எடுத்து அந்த நகலில் வேலை செய்யுங்கள்.

கட்டளை வரி, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்தே கணினியை இயக்கும் முறை, பழகியவர்களுக்கு கியூபிடிஎஃப் இருக்கிறது. பட்டியலை ஒரே வரியில் எழுதி ஓட்டிவிடலாம். மாதாமாதம் ஒரே மாதிரி தொகுப்பு செய்பவர்களுக்கு அதுதான் லாபம்.

பலரும் செய்யும் இன்னொரு வழி, பிரவுசரில் திறந்து ‘பிரின்ட்’ கொடுத்து, அச்சுப்பொறிக்குப் பதில் ‘பிடிஎஃபாகச் சேமி’ என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்க எண் கொடுப்பது. பக்கம் தனியாகக் கிடைக்கும், உண்மைதான். அவசரத்துக்கு நானும் தடுக்க மாட்டேன். ஆனால் அது பக்கத்தை எடுப்பது இல்லை, மறுபடி வரைவது. உள்ளே இருந்த இணைப்புகளும் புக்மார்க்குகளும் போய்விடும், தாளின் அளவு மாறலாம், சில வேளை எழுத்துகள் வெறும் படமாகிவிடும். தமிழ்க் கோப்பு என்றால் இன்னும் கவனம் தேவை. பார்வைக்கு அட்சரம் பிசகாமல் இருக்கும், ஒரு சொல்லைத் தேடினால் அகப்படாது, நகலெடுத்து ஒட்டினால் குப்பையாக வரும். நாளைக்கு அந்தக் கோப்பில் ஒரு பெயரைத் தேடப் போகிறவர் உங்களைத்தான் திட்டுவார்.

ஸ்கேன் விஷயத்தில் அடிக்கடி வரும் ஒரு சிக்கல்: இரண்டு பக்கமும் அச்சடித்த தாள்கள், ஸ்கேனரோ ஒரு பக்கத்தை மட்டுமே படிக்கும். முதலில் முன்பக்கங்களை எல்லாம் ஓட்டுவீர்கள், பிறகு கட்டைத் திருப்பிப் போட்டு பின்பக்கங்களை. இரண்டாவது கோப்பு கடைசியிலிருந்து முதலுக்குத் தலைகீழாக வரும். இதைக் கையால் கோக்க உட்காராதீர்கள். பிடிஎஃப்சாமில் ‘ஆல்டர்நேட் மிக்ஸ்’ என்ற பகுதி இதற்காகவே இருக்கிறது. இரண்டு கோப்பையும் போட்டு, இரண்டாவதற்கு மட்டும் தலைகீழ் என்று டிக் செய்தால், பூ கட்டுவது போல ஒன்று விட்டு ஒன்று கோத்துக் கொடுத்துவிடும்.

கோப்பு பெருத்துப் போனால் பெரும்பாலும் காரணம் ஸ்கேன்தான். ஏ4 தாளை 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் 2480-க்கு 3508 புள்ளிகள். சுருக்காமல் வைத்தால் ஒரு பக்கமே சுமார் 26 எம்பி. சுருக்கித்தான் சேமிக்கும் என்றாலும், 600 டிபிஐ வண்ணத்தில் எடுத்த கடிதங்கள் பத்து சேர்ந்தால் ஜிமெயிலின் 25 எம்பி வரம்பைத் தொட்டுவிடக்கூடும். எழுத்து மட்டுமே உள்ள தாளுக்கு 300 டிபிஐ, சாம்பல் நிறம் போதும். சேர்த்த பிறகு சுருக்குவதைவிட, அந்தச் சில பக்கங்களை மறுபடி ஸ்கேன் செய்வதே நல்லது.

நிரப்பக்கூடிய படிவங்களைச் சேர்க்கும்போது இரண்டு படிவத்திலும் ‘பெயர்’ என்று ஒரே அடையாளத்தில் கட்டம் இருந்தால், ஒன்றில் எழுதியது மற்றதிலும் தோன்றிவிடலாம். பிடிஎஃப்சாமில் படிவங்களை என்ன செய்வது என்று ஒரு தேர்வு இருக்கும். நிரப்பி முடித்த படிவம் என்றால் ‘பிளாட்டன்’ கொடுங்கள், எழுதியது பக்கத்தோடு ஒட்டிப்போகும். டிஜிட்டல் கையொப்பம் உள்ள கோப்பை மட்டும் இந்த வேலைக்கே எடுக்காதீர்கள். பக்கத்தைப் பிரித்த கணமே கையொப்பம் செல்லாது, மிஞ்சினாலும் வெறும் படமாகத்தான் மிஞ்சும். அதைத் தொடாமல் தனி இணைப்பாகவே அனுப்ப வேண்டும். கடவுச்சொல் போட்ட கோப்பு வந்தால், உடைக்கும் வழி தேடாமல், அனுப்பியவரிடமே திறந்த நகல் கேட்பது மரியாதை.

இணையத்தில் கோப்பை ஏற்றி இணைத்துத் தரும் தளங்கள் நிறைய. அழைப்பிதழ், பாடக்குறிப்பு என்றால் தாராளமாகச் செய்யுங்கள். வங்கி அறிக்கை, மருத்துவச் சீட்டு, அடையாள அட்டை எதுவும் அங்கே போகக் கூடாது. கணக்கு எண் போன்றதை மறைக்கக் கறுப்புப் பெட்டி வரைந்தாலும் பெட்டிக்கு அடியில் எழுத்து அப்படியே இருக்கும். ஓரத்தை வெட்டினாலும் வெட்டிய பகுதி கோப்புக்குள் ஒளிந்திருக்கும். ஆகவே மறைக்க வேண்டியதை முறையாக நீக்கிய பிறகுதான் சேர்க்க வேண்டும்.

அனுப்பும் முன் மூன்று பார்வை: பக்க எண்ணிக்கை சீட்டோடு ஒத்துப்போகிறதா, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்கிறதா, கோப்பின் பண்புகளில் தலைப்பு என்ன என்று இருக்கிறது. முதல் கோப்பின் பழைய தலைப்பு ஒட்டிக்கொண்டு வந்து, ஜன்னலின் மேலே ‘வரைவு 3’ என்று சில வேளை பல்லிளிக்கும்.

மூலக் கோப்புகளையும் சீட்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். நடுவில் ஒரு பக்கம் சேர்க்கச் சொல்லி எப்படியும் போன் வரும். சேர்த்த கோப்பைப் பிரித்துப் போட்டுக் குழம்பாமல், சீட்டில் ஒரு எண்ணைத் திருத்தி முதலிலிருந்து ஓட்டிவிடலாம்.