சும்மா நிற்கும் காருக்கு பேட்டரி கட் ஆஃப் சுவிட்ச்: நீங்களே மாட்டலாம்

மாதத்துக்கு ஒரு தடவைதான் காரை எடுப்பேன் என்பவர்களுக்கு இது. பூட்டி நிறுத்தினாலும் கடிகாரம், ரிமோட் லாக், அலாரம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக கரண்ட் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை சகஜம், ஆனால் அதுவே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர் ஆகிறது, சின்ன கார்களின் 35 ஆம்பியர் அவர் பேட்டரி மூன்று நான்கு வாரத்தில் செல்ஃப் எடுக்காமல் படுத்துவிடும். இரண்டே நாளில் இறங்கினால் அது வேறு கோளாறு, அதற்கு சுவிட்ச் மருந்து இல்லை. ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

நிறுத்தும்போது பேட்டரியைத் துண்டித்து வைக்கும் இந்த சுவிட்சில், நெகட்டிவ் டெர்மினல் மேலேயே உட்காரும், நாப் (கைத்திருகு) திருகும் வகையே போதும்; நாப்பை இறுக்கினால் கரண்ட் வரும், திறந்தால் நின்றுவிடும். மாருதி, ஹோண்டா கார்கள் பலவற்றில் டெர்மினல் மெல்லிசாக இருக்கும், அளவு பார்த்து வாங்குங்கள். செல்ஃப் அடிக்கும்போது சின்ன பெட்ரோல் காரே 100, 200 ஆம்பியர் இழுக்கும், டீசல் இன்னும் அதிகம், அதனால் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்றே எழுதாத மலிவு சரக்கு வேண்டாம். ஸ்டார்ட் ஸ்டாப் உள்ள கார்களில் பெரும்பாலும் நெகட்டிவ் கிளாம்பிலேயே ஒரு சென்சார் இருக்கும். அவற்றில் இந்த வேலையே வேண்டாம்.

சரி, மாட்டுவோம். இன்ஜினை அணைத்து சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, 10 எம்எம் ஸ்பேனரால் நெகட்டிவ் கிளாம்பை மட்டும் கழற்றுங்கள். பாசிட்டிவ் பக்கம் போகவே வேண்டாம், ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் ஆப்ப சோடா கலந்த வெந்நீரில் துடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். நாப் திறந்தபடியே சுவிட்சை டெர்மினலில் இறுக்கி, வண்டியின் கிளாம்பை சுவிட்சின் மறுமுனையில் மாட்டி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். நாப்பைக் கடைசியில் திருகி இறுக்கலாம்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: ஆம்ப்ளிஃபயர், டேஷ்கேம், கூடுதல் ஹாரன் என்று பிறகு போட்டவற்றின் மெல்லிய கருப்பு ஒயர்கள் பழைய கிளாம்பில் தொங்கிக்கொண்டிருக்கும். அவை எல்லாமே சுவிட்சின் மறுபக்கம், வண்டி கிளாம்போடு வர வேண்டும். ஒன்றை பேட்டரி டெர்மினலிலேயே விட்டால், அந்தக் கருவி வேறு வழியாக பாடியையும் தொட்டுக்கொண்டிருந்தால், சுவிட்ச் ஆஃபில் யாராவது செல்ஃப் அடிக்கும்போது மொத்த கரண்டும் அந்த நூல் ஒயரில் ஓடப் பார்க்கும், ஒயர் எரியும்.

சுவிட்ச் உயரத்தைக் கூட்டும் என்பதால் நாப் மேல் ஒரு கோதுமை மாவு உருண்டையை வைத்து பானெட்டை மெதுவாக மூடித் திறங்கள். மாவு ஒரு விரல் கனமாவது மிஞ்ச வேண்டும். அப்புறம் மல்டிமீட்டரை சுவிட்சின் இரண்டு பக்கமும் வைத்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பிடிப்பு சரியில்லை, கழற்றித் தேய்த்து மறுபடி இறுக்குங்கள்.

இன்ஜின் ஓடும்போது நாப்பைத் திறக்கவே கூடாது, ஆல்டர்னேட்டர் டயோடு போய்விடக்கூடும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியுவும் கூடவே போகலாம். கரண்ட் நின்று திரும்ப வந்ததும் பழைய செட்டுகளில் ரேடியோ கோட் கேட்கும், முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நாப்பைத் திறந்த பின் ரிமோட் வேலை செய்யாது, கதவைச் சாவி போட்டுத்தான் பூட்ட வேண்டும், சாவியை உள்ளே வைத்துவிட்டு மூடாதீர்கள்.