வில்லன்மீது இரக்கம் வர வேண்டுமென்றால்: உளவியல் திகில் கதை எழுதப் பழகுவோருக்கு ஒரு செய்முறை

திகில் படத்துக்குக் கதை எழுதத் தொடங்கும் இளைஞர்கள் படித்துப் பார்க்கும்படி என்னிடம் கொடுக்கும் திரைக்கதைகளில் ஒரு பக்கம் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. கொலைகாரன் பிடிபடுகிறான். பழைய நினைவுகள் விரிகின்றன. குடித்துவிட்டு வரும் அப்பா, பெல்ட் அடி, கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் சிறுவன். இதைப் பார்த்ததும் நாம் உருகிவிடுவோம் என்று எழுதியவர் நம்புகிறார். உருக்கம் வருவதில்லை. தீர்ப்பு சொல்லும் நேரத்தில் கருணை மனு நீட்டியதுபோல இருக்கிறது.

ஒருவனைப் பற்றிய கோப்பைப் படித்தால் இரக்கம் வராது. அவனோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் வரும். இந்தச் செய்முறை முழுக்க அந்த உட்கார்ந்திருத்தலைப் பற்றியதுதான்.

பாடநூலாக 1960இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கிய 'சைக்கோ' படத்தை வைத்துக்கொள்கிறேன். அதன் முடிச்சுகள் எல்லாம் கீழே அவிழும். பார்க்காதவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். பழகிப் பார்க்க ஒரு சிறுகதையையும் கூடவே கட்டுவோம்.

முதல் படி: அவனுக்கு என்ன வேண்டும்?

கொலையிலிருந்து தொடங்காதீர்கள். கத்தி, ரத்தம், முகமூடி எல்லாம் பிறகு வரட்டும். ஒரு வெள்ளைத் தாளில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இந்த ஆளுக்கு என்ன வேண்டும்? 'சைக்கோ'வில் மோட்டல் நடத்தும் நார்மன் பேட்ஸுக்கு அம்மா வேண்டும். அம்மா தன்னோடு இருக்க வேண்டும், தன்மேல் கோபப்படாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த ஆசை நமக்கும் தெரிந்த ஆசை. அதற்காக, செத்துப்போன அம்மாவாகவே மாறிக் கொலை செய்யும் அளவுக்கு அவன் போகும் தூரம்தான் நமக்குத் தெரியாதது. உளவியல் திகில் அந்த இடைவெளியில் பிறக்கிறது.

நம் கதைக்கு சரோஜா என்று ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். வயது ஐம்பத்தைந்து. வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் சின்ன ஹாஸ்டல் ஒன்றை நடத்துகிறாள். பெண்கள் அவளைச் 'சரோஜாம்மா' என்று கூப்பிடுகிறார்கள். அவளுக்கு வேண்டியது: யாரும் தன்னை விட்டுப் போகக் கூடாது.

குற்றத்தைச் சொல்லாமல் இந்த வரியை மட்டும் ஒரு நண்பரிடம் சொல்லிப் பாருங்கள். 'பாவம்' என்று அவர் சொன்னால் அடுத்த படிக்குப் போகலாம். 'அதனால் என்ன?' என்று கேட்டால் வரியை மாற்றுங்கள்.

இரண்டாம் படி: பயப்படுமுன் பழக விடுங்கள்

ராபர்ட் பிளாக் 1959இல் எழுதிய நாவலைத்தான் ஹிட்ச்காக் படமாக்கினார். நாவலின் நார்மன் நடுத்தர வயதுக்காரன், தடித்த உடம்பு, கண்ணாடி, குடிப்பழக்கம். படத்துக்குத் திரைக்கதை எழுதிய ஜோசப் ஸ்டெஃபானோவும் ஹிட்ச்காக்கும் அந்த ஆளை மாற்றினார்கள். ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள, சிரித்தால் பள்ளிப் பையனைப் போலத் தெரியும் ஆண்டனி பெர்கின்ஸ் வந்தார். படத்தின் பாதி வெற்றி அந்த ஒரு முடிவில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

திருடிய பணத்தோடு ஓடி, மழையில் நனைந்து அவன் மோட்டலுக்கு வரும் மேரியனுக்கு அவன் அறையைச் சுற்றிக் காட்டும் இடத்தைக் கவனியுங்கள். மெத்தை, துணி மாட்டும் ஹேங்கர், கடிதத் தாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். குளியலறை முன் வந்ததும் வாய் வரவில்லை. ஒரு இளம்பெண் முன்னால் அந்தச் சொல்லைச் சொல்லக் கூச்சம். அவள்தான் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்கிறாள். நமக்குச் சிரிப்பு வருகிறது, அவன்மேல் ஒரு பிரியமும் வருகிறது. சற்று நேரத்தில் அதே குளியலறையில்தான் அவள் சாகப் போகிறாள். இரண்டாவது முறை பார்க்கும்போது அந்தக் கூச்சமே நடுங்க வைக்கிறது. ஒரே செயல் முதலில் அன்பையும் பிறகு அச்சத்தையும் தர வேண்டும். இப்படி இரண்டு முகம் உள்ள ஒரு செயல் கிடைத்தால் உங்கள் முதல் பத்து நிமிடம் தயார்.

பிறகு அவன் தட்டில் சாண்ட்விச்சும் பாலும் கொண்டுவருகிறான். பாடம் செய்யப்பட்ட பறவைகள் சுவரெங்கும் இருக்கும் அறையில் அவளை உட்கார வைத்து, அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அம்மாவை எங்காவது சேர்த்துவிடலாமே என்று அவள் சொன்னதும் அந்த முகம் மாறுகிறது. ஆனால் அதற்குள் நாம் அவன் விருந்தாளி ஆகிவிட்டோம். சோறு போட்டவனை உடனே வெறுக்க மனம் வராது.

சரோஜாவுக்கு என்ன கொடுக்கலாம்? இரவு பத்து மணிக்குக் கதவைப் பூட்டுமுன் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுகிறாள். பதினொரு பெண்கள், பதினொரு ஜோடி. ஒரு ஜோடி குறைந்தால் பூட்ட மாட்டாள். சோற்றை மூடி வைத்துவிட்டு, விளக்கை அணைக்காமல், படியில் உட்கார்ந்திருப்பாள். பார்ப்பவர்களுக்குத் தங்கள் அம்மா நினைவுக்கு வர வேண்டும்.

மூன்றாம் படி: அவன் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். புதியவர்கள் இதைத்தான் தாண்டிப் போகிறார்கள்.

குளியலறைக் கொலை முடிந்துவிட்டது. அதுவரை நாம் யாரோடு பயணம் செய்தோமோ அந்த மேரியன் இறந்துவிட்டாள். நமக்குப் பிடிமானம் இல்லை. அந்த நேரத்தில் நார்மன் ஓடி வருகிறான். அம்மா செய்ததாக அவன் நம்பும் காரியத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொள்கிறான். அதன் பிறகு வேலை ஆரம்பம். உடலைக் குளியலறைத் திரையில் சுற்றுகிறான். தன் கையைக் கழுவுகிறான். தொட்டியைக் கழுவுகிறான், தரையைத் துடைக்கிறான், ஈரத்தைத் துண்டால் ஒற்றி எடுக்கிறான். உடலைக் கார் டிக்கியில் வைக்கிறான். பெட்டியையும் செருப்பையும் எடுக்கிறான். எதையும் விட்டுவிடவில்லையே என்று அறையை ஒருமுறை பார்க்கிறான். மேசைமேல் கிடக்கும் செய்தித்தாளை அப்படியே எடுத்து டிக்கிக்குள் எறிகிறான். அதற்குள் மேரியன் திருடி வந்த 40,000 டாலரில் மிச்சமிருந்த பணம் இருக்கிறது. அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். பல நிமிடங்களுக்கு வசனமே இல்லை.

ஹிட்ச்காக் இதை ஏன் இவ்வளவு பொறுமையாகக் காட்டினார்? ஒருவர் கவனமாக வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த வேலை நல்லபடியாக முடிய வேண்டும் என்று மனம் தானாகவே விரும்பத் தொடங்கிவிடும். தச்சரைப் பார்த்தாலும் அப்படித்தான், பூக்கட்டும் கையைப் பார்த்தாலும் அப்படித்தான். மனதின் இந்தப் பழக்கத்தை அவர் ஒரு கொலையை மறைக்கும் காட்சிக்குப் பயன்படுத்துகிறார்.

காரைச் சேற்றுக் குட்டையில் தள்ளுகிறான். அது மெல்ல மூழ்குகிறது. எதையோ கொறித்துக்கொண்டு பார்த்து நிற்கிறான். மேற்கூரை மட்டும் வெளியே தெரியும் நேரத்தில் கார் நின்றுவிடுகிறது. அவன் மெல்லுவது நிற்கிறது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறான். அந்தச் சில நொடிகளில் உங்கள் மனம் என்ன நினைத்தது? இந்தக் காட்சியைச் சிலரோடு சேர்ந்து பார்க்கும்போதெல்லாம் அறையில் மூச்சுச் சத்தம் நின்றுவிடுவதைக் கேட்டிருக்கிறேன். 'மூழ்கு, மூழ்கு' என்று எல்லோரும் வேண்டிக்கொள்கிறார்கள். கார் மூழ்கியதும் அவன் முகத்தில் லேசான நிம்மதி. நமக்கும்தான். சற்று முன்பு இறந்த பெண் அந்தக் காருக்குள் இருக்கிறாள் என்பது அதற்குப் பிறகே உறைக்கிறது. நான் பயந்தது அங்கேதான், குளியலறையில் அல்ல.

ஆகவே, உங்கள் வில்லனுக்குக் குற்றத்துக்குப் பிறகு ஒரு வேலை கொடுங்கள். வேலையைப் படிப்படியாக எழுதுங்கள். நடுவில் ஒரு தடங்கல் வையுங்கள். வசனம் வேண்டாம்.

சரோஜாவின் கதையில்: அறையைக் காலி செய்கிறேன் என்று சொன்ன பெண் இப்போது மாடி அறையில் அசைவில்லாமல் கிடக்கிறாள். சரோஜா அவளுடைய பெட்டியை அடுக்குகிறாள். புடவையை மடிக்கும்போது கிழிந்த முந்தானையைப் பார்த்து, ஊசி நூல் எடுத்துத் தைத்து வைக்கிறாள். வாசலில் அழைப்பு மணி. அந்தப் பெண்ணின் அப்பா, ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து நிற்கிறார். சரோஜா காபி போடுகிறாள். அவருக்குப் பின்னால், வாசலில், அந்தப் பெண்ணின் செருப்பு. அவர் திரும்பிவிடக் கூடாதே என்று நாம் நினைத்துவிட்டால் காட்சி கைகூடிவிட்டது. அப்படி நினைத்ததற்காக உடனே வெட்கப்படவும் வேண்டும்.

நான்காம் படி: இறந்தவருக்கும் வாழ்க்கை இருந்தது

வில்லன்மேல் வைக்கும் அன்பில் பலியானவரை மறந்துவிடும் கதைகளை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதிலும் பலியாவது பெரும்பாலும் பெண்ணாக இருக்கும்போது.

ஃபிரிட்ஸ் லாங் 1931இல் ஜெர்மனியில் எடுத்த 'எம்' படத்தைப் பாருங்கள். குழந்தைகளைக் கொல்லும் ஒருவனின் கதை. கொலை திரையில் காட்டப்படுவதே இல்லை. துணி துவைத்துப் பிழைக்கும் ஒரு தாய் மகளுக்காக மேசையில் தட்டு வைக்கிறாள். கடிகாரத்தைப் பார்க்கிறாள். மாடிப்படியில் எட்டிப் பார்த்து 'எல்ஸீ' என்று கூப்பிடுகிறாள். ஆளில்லாத படிக்கட்டு, காலித் தட்டு, புல்லில் உருண்டு வந்து நிற்கும் பந்து, தந்திக் கம்பியில் சிக்கிய பலூன். இவ்வளவுதான். அந்தக் காலித் தட்டை நம் கண்ணில் வைத்த பிறகுதான், படத்தின் முடிவில் கொலைகாரனாக நடித்த பீட்டர் லோரே மண்டியிட்டு, தன்னிடமிருந்தே தன்னால் தப்பி ஓட முடியவில்லை என்று கதறுவதை லாங் கேட்க வைக்கிறார். நாம் இரண்டையும் சுமக்க வேண்டியிருக்கிறது. ஒன்றை இறக்கி வைத்துவிட்டு மற்றதை மட்டும் தூக்க அவர் விடவில்லை.

மேரியனும் அப்படித்தான். சாவதற்குச் சற்று முன், திருடிய பணத்தோடு திரும்பிப் போகலாம் என்று முடிவு செய்கிறாள். நார்மனோடு பேசியதால் வந்த முடிவு அது. அவளுக்கு நாளை என்று ஒன்று இருந்தது.

சரோஜாவின் கதையில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் வையுங்கள். எங்கே போகக் கிளம்பினாள் என்று எழுதுங்கள். புது வேலையா, கல்யாணமா, தனியாக ஒரு வீடா? வாசகர் அவள் போக வேண்டும் என்று விரும்ப வேண்டும்.

ஐந்தாம் படி: காரணத்தைப் பாதி சொல்லுங்கள்

'சைக்கோ'வின் முடிவில் ஒரு மனநல மருத்துவர் வந்து எல்லாவற்றையும் விளக்குகிறார். படத்தில் எனக்குப் பிடிக்காத ஒரே இடம் அது. அவர் சொல்லச் சொல்ல நார்மன் சிறியவனாகிக்கொண்டே போகிறான்.

இதற்கு நல்ல மாற்று, அதே 1960இல் மைக்கேல் பவல் இயக்கிய 'பீப்பிங் டாம்'. பெண்களைக் கொன்று, அவர்களின் அச்சத்தைப் படம்பிடிக்கும் மார்க்கின் குழந்தைப் பருவம் நமக்குப் படத்தின் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. கீழ்வீட்டுப் பெண் ஹெலன் கேட்டதற்காக அவன் ஒரு பழைய படச்சுருளைப் போட்டுக் காட்டுகிறான். தூங்கும் சிறுவனின் படுக்கையில் அப்பா ஒரு பல்லியைப் போட்டு, அவன் மிரள்வதைப் படமெடுத்திருக்கிறார். ஹெலன் அதிர்ந்து போகிறாள். அப்போது மார்க் செய்வது என்ன தெரியுமா? அவள் முகத்தைப் படம்பிடிக்கக் கேமராவை எடுக்கிறான். காரணமும் ஆபத்தும் ஒரே அறையில், ஒரே நேரத்தில். பழைய கதையைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் இப்படிச் சொல்லுங்கள். யாரோ ஒருவரிடம், இன்றைக்கு, ஏதோ ஒன்று பறிபோகும் நிலையில்.

நோயின் பெயரை எழுதாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மனநோயோடு வாழ்பவர்கள் நம் தெருவில், நம் வீட்டில் இருக்கிறார்கள். யாருக்கும் தீங்கு நினைக்காதவர்கள். ஒரு நோயின் பெயரைக் கொலைக்குக் காரணமாக்கினால் அந்தப் பழி அவர்கள்மேல் விழும்.

ஆறாம் படி: ஒலி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'சைக்கோ'வுக்கு பெர்னார்ட் ஹெர்மன் நரம்பு வாத்தியங்களை மட்டும் வைத்து இசையமைத்தார். 'எம்' படத்தில் கொலைகாரன் விசிலடிக்கும் ஒரு மெட்டுதான் அவன் வருகையைச் சொல்லும், அதைக் கேட்டுத்தான் பார்வையற்ற பலூன்காரர் அவனை அடையாளம் காண்கிறார். உங்களுக்கும் ஒரே ஒரு ஒலி போதும். சரோஜாவுக்கு, பூட்டுமுன் செருப்புகளை எண்ணும் முணுமுணுப்பு.

ஏழாம் படி: முடிவு

தண்டித்துவிட்டுக் கைதட்டல் வாங்குவது சுலபம். மன்னித்துவிட்டுக் கண்ணீர் வாங்குவதும் சுலபம். இரண்டும் வேண்டாம். ஃபாசில் 1993இல் மலையாளத்தில் எடுத்த 'மணிச்சித்ரத்தாழு' வேறு வழி காட்டுகிறது. கணவனின் குடும்பத்துப் பழைய வீட்டுக்கு வரும் கங்காவின் உடலில் பேசுவது, தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்டு அந்த வீட்டில் கொல்லப்பட்ட நடனக்காரி நாகவல்லி. அவளுக்கு வேண்டியது பழி. கங்காவைக் குணப்படுத்த வந்த மனநல மருத்துவர் அதை அவளுக்குக் கிடைக்கச் செய்கிறார். தன்னைக் கொன்றவன் என்று அவள் நினைக்கும் கணவன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொம்மை சுழன்று வருகிறது. அவள் வெட்டுகிறாள், அடங்குகிறாள். முதல் படியில் எழுதிய ஆசைக்கே கடைசிக் காட்சியிலும் திரும்பி வருகிறார்கள் பாருங்கள்.

நீங்களும் உங்கள் முதல் வரிக்குத் திரும்புங்கள். சரோஜாவுக்கு யாரும் போகக் கூடாது. போலீஸ் வந்த பிறகு பெண்கள் ஒவ்வொருவராக ஹாஸ்டலைக் காலி செய்கிறார்கள். அழைத்துப் போகும்போது அவள் வாசலில் ஒரு நிமிடம் நிற்கிறாள். ஒரே ஒரு ஜோடி செருப்பு கிடக்கிறது. போனவர்களில் யாருடையதும் அல்ல. அந்தப் பெண்ணின் அப்பா குனிந்து அதைக் கையில் எடுத்துக்கொள்கிறார். சரோஜா எண்ணத் தொடங்குகிறாள்.