கண்மாய்க் கரைக்கு ஒரு பழைய டபுள் ஷாக்: பாத்து வாங்கி, செட் பண்ணி, உப்புக்கு தப்ப வைக்கிறது எப்படி

டபுள் ஷாக் சைக்கிள்னு சொன்னாலே நம்ம பக்கம் ஞாபகம் வர்றது எட்டாங்கிளாஸ் பையன் ஓட்டுற அந்த இரும்பு சைக்கிள்தான், நடுவுல ஒரு கலர் ஸ்பிரிங் இருக்கும், மிதிக்க மிதிக்க தவளை மாதிரி குதிக்கும், முன்னாடி மட்டும் போகாது. நானும் அப்பிடியே நினைச்சுக்கிட்டு வருசக்கணக்கா முன்னாடி மட்டும் ஷாக் வச்ச ஹார்ட்டெயில்தான் ஓட்டுனேன், பின்னாடி ஷாக் வச்சவன் எல்லாம் சோம்பேறினு பேசுன ஆளு. துபாயை காலி பண்ணிட்டு வந்த மச்சான் ஒருத்தன் கார்கோல போட்டுவிட்ட 26 இஞ்ச் பழைய ஃபுல் சஸ்பென்ஷன் ஒண்ணு, அதாவது முன்னாடி பின்னாடி ரெண்டுலயும் ஷாக் உள்ளது, 2006 வாக்குல வந்த அலுமினியம் ஃப்ரேம், "நீ வச்சுக்க மாப்ள, எனக்கு தொப்பை இடிக்குது"னு குடுத்துட்டான். ரெண்டு மாசம் மாடிப்படிக்கு கீழயே கிடந்துச்சு.

ஒருநா ஹார்ட்டெயில்ல செயின் அறுந்துபோச்சுன்னு இத எடுத்துக்கிட்டு கண்மாய்க்கு போனேன். பங்குனி மாசம் நம்ம கண்மாய் எப்பிடி இருக்கும்னு தெரியும்ல, தண்ணி வத்தும்போது சேத்துல மாடு நடந்த தடம் அப்பிடியே காஞ்சு கல்லா நிக்கும், குளம்பு குளம்பா நாலு விரக்கடை ஆழத்துக்கு. ஹார்ட்டெயில்ல அந்த எடத்துல எந்திரிச்சு நிக்கணும், நின்னா மிதிக்க முடியாது, உக்காந்தா ஒவ்வொரு குளம்பும் இடுப்புல ஆரம்பிச்சு மண்டை வரைக்கும் அடிக்கும், பின் சக்கரம் துள்ளி துள்ளி காத்துல சுத்தும். இதுல சும்மா உக்காந்து மிதிச்சேன். பின் சக்கரம் குழில இறங்குது ஏறுது, சீட் மட்டும் அது பாட்டுக்கு போகுது. கரை முடியிற எடத்துல நிறுத்தி திரும்பி பாத்தேன், ஒருதடவை கூட மிதியை நிறுத்தலங்கிறது அப்பத்தான் உறைச்சுச்சு.

ராமநாதபுரத்துல ஏதுய்யா மலை, இதுக்கு எதுக்கு ஃபுல் சஸ்பென்ஷன்னு கேக்குறவங்களுக்கு பதில் இதான். மலை இறங்குறதுக்கு இல்ல, உக்காந்துக்கிட்டே மிதிக்கிறதுக்கு. ஜல்லி பெயர்ந்த கப்பி ரோடு, பனங்காட்டுல வேர் ஓடுற ஒத்தையடிப்பாதை, டிராக்டர் ஓடி ஓடி அலை அலையா போன செம்மண் கிராவல் எல்லாத்துக்கும் இது சரியா இருக்கும். ஆனா ஒண்ணு, பொதமணல்ல இது ஒண்ணும் கிழிக்காது. மணல்ல டயர் அகலமும் காத்து கம்மியா இருக்கிறதும்தான் வேலை செய்யும், ஷாக் இருந்தா மிதிக்கிற பலத்துல கொஞ்சத்த அது தின்னுரும். தார் ரோட்டுல, அதுவும் கச்சான் காத்து எதுக்க அடிக்கும்போது ஹார்ட்டெயில்தான் ராஜா.

சரி எப்பிடி வாங்குறதுனு பாப்போம். புதுசுல நல்ல ஃபுல் சஸ்பென்ஷன் லட்சத்துக்கு மேல, அத விடுங்க. பழசு எதுக்கு சல்லிசா கிடைக்குதுன்னா வண்டி மோசங்கிறதுனால இல்ல, அளவெல்லாம் மாறிப்போச்சு. சக்கரம் 26-ல இருந்து 27.5, 29-னு போச்சு, பின் ஆக்ஸில் 135 மிமீ-ல இருந்து 142, 148-னு அகலமாச்சு, ஃபோர்க்கை ஃப்ரேமுக்குள்ள நுழைக்கிற தண்டு கீழ ஒண்ணரை இஞ்ச் ஆச்சு, 2016-ல பின்னாடி 12 பல்சக்கரம் வச்ச கேசட் வந்துச்சு. ஓட்டுறவன் புதுசுக்கு தாவிட்டான், நல்ல வண்டி மூலைல நிக்குது. பெங்களூரு, சென்னை பக்கம் ஓட்டுனவங்க விக்கிறது, வெளிநாட்டுல இருந்து கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சாமான் செட்டோட வந்து இறங்குறதுன்னு ரெண்டு வழிதான் நமக்கு. பேரு வேணும்னா ஜயன்ட் ட்ரான்ஸ், ஸ்பெஷலைஸ்டு ஸ்டம்ப்ஜம்பர் எஃப்எஸ்ஆர், சாண்டா குரூஸ் ஹெக்லர் இந்த மாதிரி, பின் சக்கரம் 100-ல இருந்து 130 மிமீ வரைக்கும் மேல கீழ ஆடுறது போதும். டவுன்ஹில் வண்டி 180, 200-னு கண்ணுல பட்டா ஆசைப்படாதீங்க, அத மிதிச்சுக்கிட்டு தேவிபட்டினம் போறதுக்குள்ள நாக்கு தள்ளிரும்.

நல்ல ஷாக்கையும் அந்த எட்டாங்கிளாஸ் ஷாக்கையும் எப்பிடி பிரிக்கிறதுன்னா, சீட்டை அமுக்கி சட்டுனு கைய எடுங்க. பொய் ஷாக் வெறும் ஸ்பிரிங், டொய்ங்னு துள்ளி ரெண்டு மூணு தடவை ஆடும். உண்மை ஷாக்குக்குள்ள ஆயில் இருக்கும், அது ஓட்டை வழியா போய்த்தான் திரும்பணும், அதனால அமுங்குனது பைய எந்திரிக்கும்.

வண்டிய கைல வாங்குன உடனே பாக்க வேண்டியது மூணு, நாலு எடம். மொதல்ல சீட்டை புடிச்சு மேல லேசா தூக்குங்க, சக்கரம் தரைய விட்டு எந்திரிக்கிறதுக்கு முன்னாடி டொக்குனு ஒரு தட்டு கைக்கு தெரிஞ்சா ஷாக் போல்ட் உக்கார்ற புஷ்ஷோ, பின் ஃப்ரேம் மடங்குற மூட்டுல (பிவோட்) இருக்கிற பேரிங்கோ போச்சு. அடுத்து பின் சக்கரத்தை பக்கவாட்டுல ஆட்டுங்க. ஷாக்கோட வழுவழு தண்டுல நகத்தை ஓட்டுங்க, நகம் மாட்டுற மாதிரி கீறல் இருந்தா சீல் நிக்காது, ஆயில் கசியும், அந்த ஷாக்குக்கு காசு குடுக்காதீங்க. இதுல எதுவும் பயப்படுற விசயம் இல்ல, விலைல குறைச்சுக்கலாம். பயப்பட வேண்டியது ஃப்ரேம் விரிசலுக்குத்தான். வெல்டு பக்கம், பிவோட் ஓட்டை சுத்தி, சீட் குழாயும் மேல் குழாயும் சேர்ற எடம், ஃபோர்க் தண்டு போற தலைக்குழாய்க்கு அடில, துணிய வச்சு துடைச்சுட்டு செல்போன் டார்ச்ச சாய்வா அடிச்சு பாருங்க, பெயின்ட்ல முடி மாதிரி ஒரு கோடு ஓடுதான்னு. எனக்கு இத விட முன்னாடி ஒரு வண்டி ஒருத்தர் தலைல கட்டுனாரு, சரியா அந்த எடத்துல ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு, நானும் அழகா இருக்குனு வாங்கிட்டு வந்தேன். ஸ்டிக்கரை உரிச்சா விரிசல். பட்டறைல குடுத்து அலுமினிய வெல்டு அடிச்சிரலாம்னு சொல்லுவாங்க, வேணாம், அந்த அலுமினியம் சூட்டுல பக்குவம் பண்ணுனது, திரும்ப வெல்டு வச்சா அந்த எடத்துல பலம் போயிரும். அது இப்ப எங்க வீட்டுல அவரைக்கொடி படருது.

ஒரு டேப் எடுத்துட்டு போங்க. ஷாக்கோட ரெண்டு போல்ட் நடுவுக்கு நடுவு எத்தனை மிமீ, அது எத்தனை மிமீ அமுங்கும், இந்த ரெண்டு நம்பரும் முக்கியம். 165-க்கு 38, 190-க்கு 50, 200-க்கு 50 இல்லைன்னா 57, பழைய வண்டில இதான் அதிகம், இந்த அளவுன்னா வேற ஷாக் தேடி புடிச்சிரலாம். சில கம்பெனி தனக்குன்னே ஒரு கொக்கி வச்ச ஷாக் போட்டிருக்கும், அது செத்தா வண்டியும் செத்துச்சு. ஃபோர்க் தண்டு மேல கீழ ஒரே ஒண்ணே அரைக்கால் இஞ்ச்தான் பழசுல, இப்ப வர்ற ஃபோர்க் கீழ தடிச்சு வரும், உள்ள போகாது, அதனால ஃபோர்க் நல்லா இருக்கிற வண்டியா பாருங்க.

பேரிங் கதைய சொல்லியே ஆகணும். என் வண்டில பிவோட் பேரிங் எல்லாம் உப்புல துருப்புடிச்சு நறநறனு நின்னுச்சு. பெரிய ஊரு கடை ஒண்ணுல கேட்டா கம்பெனி செட்டுதான் வரணும், மாசக்கணக்கா ஆகும், அவங்க சொன்ன காசுக்கு நான் இன்னொரு பழைய சைக்கிளே வாங்கிருவேன். மண்டபத்துல மீன்புடி போட்டு இன்ஜின் வேலை பாக்குற அண்ணன் ஒருத்தர்கிட்ட காட்டுனேன், அவரு கண்ணாடிய நெத்தில ஏத்திவிட்டுட்டு பேரிங்கை துடைச்சு வெளிச்சத்துல காட்டுனாரு.

"தம்பி, இந்தா நம்பரு போட்டிருக்கான்ல. 6902. பேரிங் கடைல போய் நம்பரை மட்டும் சொல்லு, சைக்கிளுக்குன்னு வாயை தொறக்காத."

அம்புட்டுதான். 6902-ன்னா உள்ள 15, வெளிய 28, அகலம் 7 மிமீ. 6900-ன்னா 10, 22, 6. உலகத்துக்கே ஒரே அளவு. டவுனு பேரிங் கடைல அன்னிக்கே கிடைச்சுச்சு. கேக்கும்போது 2ஆர்எஸ்னு சேத்து கேளுங்க, ரெண்டு பக்கமும் ரப்பர் மூடி வச்சது, இசட்இசட் வாங்காதீங்க, அது தகர மூடி, நம்ம காத்துக்கு தாங்காது. இன்னொரு வேலையும் அண்ணன்தான் காட்டிக்குடுத்தாரு, குண்டூசியால ரப்பர் மூடிய நெம்பி எடுத்துட்டு உள்ள போட்டுக்கு போடுற மெரைன் கிரீஸ் நிறைய அடைச்சு மூடிரணும். மோட்டார் பேரிங்ல அப்பிடி அடைச்சா சூடாகும், இது முழுசா சுத்துறதே இல்ல, கொஞ்சம் ஆடுது அவ்வளவுதான், அதனால ஒண்ணும் ஆகாது. பழைய பேரிங்கை சுத்தியால அடிச்சு எடுக்காதீங்க, ஒரு நீள போல்ட், ரெண்டு வாஷர், பொருத்தமான ஒரு சாக்கெட் வச்சு நட்டை முறுக்கி இழுத்தா நேரா வரும், புதுசையும் அதே மாதிரி உள்ள தள்ளலாம். பிவோட் போல்ட்டுக்கு நீல லாக்டைட் (திருகு கழறாம புடிக்கிற பசை) ஒரு சொட்டு, இல்லைன்னா கப்பி ரோட்டுல கழண்டு எங்கயாச்சும் விழுந்துரும்.

ஷாக் புஷ் தேஞ்சுருந்தா லேத் பட்டறைல பழசை குடுத்தா அதே அளவுல கடைஞ்சு தருவாங்க.

இப்ப காத்து. பஞ்சர் கடை கம்ப்ரஸரை ஷாக்குல வைக்கவே கூடாது, சைக்கிள் பம்பும் ஆகாது, ஷாக் பம்புனு 300 பிஎஸ்ஐ வரைக்கும் போற குட்டி பம்பு தனியா இருக்கு, அத மட்டும் காசு போட்டு வாங்கிருங்க. உடம்பு எடைய பவுண்டுல கணக்கு பண்ணி அத்தனை பிஎஸ்ஐ-ல ஆரம்பிக்கலாம், 70 கிலோன்னா 154 வருது, ஆனா அது ஆரம்பம் மட்டுந்தான், வண்டிக்கு வண்டி மாறும். சரியா வைக்கிறது சீட்டுல உக்காந்து பாத்துத்தான். ஷாக் தண்டுல ஒரு ரப்பர் வளையம் இருக்கும், இல்லைன்னா நூலை ஒரு சுத்து சுத்தி கட்டிருங்க, அத சீல்கிட்ட தள்ளிட்டு செவுத்த புடிச்சுக்கிட்டு எப்பவும் ஓட்டுற மாதிரி, தண்ணி பாட்டில் பை எல்லாத்தோடயும், குதிக்காம உக்காருங்க, குதிக்காம இறங்குங்க. நூல் எம்புட்டு தூரம் நகந்துருக்குனு அளந்தா ஷாக் மொத்தமா அமுங்குற தூரத்துல நாலுல ஒரு பங்குல இருந்து 30 சதவீதம் வரைக்கும் இருக்கணும், 50 மிமீ ஷாக்னா பன்னெண்டரைல இருந்து 15 மிமீ. கூட போனா காத்து ஏத்துங்க, குறைஞ்சா இறக்குங்க. ஹார்ட்டெயில்ல இருந்து வர்ற எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா ஆடக்கூடாதுனு காத்த அடிச்சு கல்லாக்கி வச்சுருவாங்க, அப்பறம் ஃபுல் சஸ்பென்ஷன்ல ஒண்ணும் இல்லப்பாம்பாங்க. நானும் மொத வாரம் அதத்தான் பண்ணுனேன்.

பம்பை கழட்டும்போது புஸ்னு வந்தா பதறாதீங்க, அது பம்பு டியூப்ல இருக்கிற காத்து. திரும்ப மாட்டுனா மீட்டர் கம்மியா காட்டும், ஏன்னா ஷாக்குல இருந்த காத்து டியூபுக்குள்ள கொஞ்சம் போகுது. இது தெரியாம லீக்குனு ரெண்டு சீல் மாத்துனவன் நான்.

செவப்பு திருகு இருந்தா அது ரீபவுண்டு, அமுங்குனது எம்புட்டு வேகமா எந்திரிக்கணுங்கிறதுக்கு. உக்காந்தபடியே ஒரு படிக்கட்டு உயரம் இறங்கி பாருங்க, ஒருதடவை எந்திரிச்சு அடங்கணும், ரெண்டுதடவை ஆடுனா திருகை கொஞ்சம் மெதுவு பக்கம் தள்ளுங்க. ரொம்ப மெதுவா வச்சா மாட்டுத்தடத்துல ஒரு குழிக்கு எந்திரிக்கிறதுக்குள்ள அடுத்த குழி வந்துரும், ஷாக் அமுங்குனபடியே நிக்கும்.

பழைய வண்டி ஹேண்டில் ரொம்ப குறுகல், ஹேண்டிலை புடிக்கிற ஸ்டெம் 100 மிமீ-க்கு நீட்டிக்கிட்டு நிக்கும். 60, 70 மிமீ ஸ்டெம்மும் 700 மிமீ வாக்குல ஹேண்டிலும் போட்டா ஆளே மாறிரும். ஸ்டெம் கவ்வுற எடம் 25.4-ஆ 31.8-ஆனு பாத்து ரெண்டையும் ஒரே அளவுல வாங்குங்க.

26 இஞ்ச்ல பெரிய வசதி, டயர் டியூப் நம்ம சின்ன கடைலயே கிடைக்கும். ஆனா 26-னு எழுதுன எல்லாம் 26 இல்ல, லேடீஸ் சைக்கிள் டயரும் 26-தான், அதோட ரிம் குறுக்களவு 590 மிமீ. டயர் பக்கவாட்டுல 559-னு இருக்கணும். அகலம் 2.1 சரியா இருக்கும், 2.3 போட்டா மழை மாசத்துல கண்மாய் களிமண்ணு ஃப்ரேமுக்கும் டயருக்கும் நடுவுல அப்பி சக்கரமே சுத்தாது. அப்பறம் நம்ம எல்லாருக்கும் பொது எதிரி கருவ முள்ளு. பழைய டியூபை நீளவாக்குல வெட்டி டயருக்குள்ள லைனிங்கா போடுங்க, பைக் டியூப் மாதிரி வால்வு உள்ள டியூபா வாங்குனா ஊசிய கழட்டி ஓட்டையை அடைக்கிற சீலண்ட் ஊத்திக்கலாம். ரெண்டும் பண்ணுனதுக்கு அப்பறம் எனக்கு பஞ்சர் நின்னுபோச்சுனு சொல்லமாட்டேன், வீட்டுக்கு வந்து பாக்குற அளவுக்கு குறைஞ்சிருக்கு.

ஓட்டுற முறையும் கொஞ்சம் மாத்தணும். எந்திரிச்சு நின்னு ஓங்கி மிதிச்சா ஷாக் உங்களோட சேந்து ஆடும், ஒரு கியர் இறக்கி உக்காந்து சீரா சுத்துங்க. முன்னாடி மூணு பல்சக்கரம் இருந்தா நடுவுலயே வச்சுக்குங்க, பழைய டிசைன் பலதும் நடு 32 பல்லுக்கு கணக்கு பண்ணுனதுதான், சின்னதுல போட்டா ஆட்டம் கூடும்.

கடைசில உப்பு. தனுஷ்கோடிக்கு 2017-ல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு இருக்கு, ரெண்டு பக்கமும் கடல், காத்துல சாரல் அடிச்சுக்கிட்டே இருக்கும். அங்கிட்டு நான் இந்த வண்டிய கொண்டுபோறதில்ல, ஹார்ட்டெயில்ல பிவோட் பேரிங்கே கிடையாது, இதுக்கு பிவோட் மட்டும் எட்டு. நீங்க போனா வந்த அன்னிக்கே கழுவணும், அதுவும் போர் தண்ணில கழுவாதீங்க, நம்ம ஊரு போர் தண்ணியே பாதி கடல்தான், கழுவி உப்பு பூசுன மாதிரி ஆயிரும். காவிரித் தண்ணி வர்ற அன்னிக்கு ஒரு அரை வாளி புடிச்சு வச்சு ஸ்பாஞ்சால துடைச்சா போதும், பீச்சி அடிக்க வேணாம், தண்ணி பேரிங்குக்குள்ள போயிரும். குடத்துக்கு காசு குடுத்து வாங்குற வீடுன்னா அம்மா பாக்காத நேரமா பாத்து.

மாசத்துக்கு ஒருதடவை சீட் போஸ்ட்டை உருவி துடைச்சு அதே மெரைன் கிரீஸை தடவி திரும்ப போடுங்க. அலுமினிய சீட் போஸ்ட்டும் இரும்பு போல்ட்டும் உப்புல ஊறுனா புடிச்சுக்கும், பாம்பன்ல என் கூட்டாளி ஒருத்தன் ஒரு வருசம் விட்டுட்டான், வைஸ்ல கட்டி நாலு பேரு ஃப்ரேமை புடிச்சு திருகியும் வரல, இப்ப அவன் சீட்டு உயரம் என்ன உயரமோ அதான் உயரம்.