அழித்தாலும் திரும்பி வரும் பி0118: பழைய டீசல் காடியில் கோளாறைத் தேடுவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களின் செம்மண் சாலையில் வருடக்கணக்கில் அடிபட்ட டீசல் காடிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். எஞ்சின் விளக்கு எரியும், ஸ்கேனர் பி0118 போன்ற ஒரு கோளாறுக் குறியீட்டை (கோடு) காட்டும், சென்சாரை மாற்றுவார்கள், விளக்கு அணையும். கொஞ்ச நாளில் மறுபடி எரியும். அடுத்த சென்சாருக்குக் காசு கொடுக்கும் முன் நீங்களே சோதித்துப் பாருங்கள். பி0118 சுட்டும் குளிர்நீர் வெப்பச் சென்சாரை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் சூட்டை அளப்பதை, வைத்தே சொல்கிறேன். இரண்டே கம்பிகள் என்பதால் புதியவர்கள் பழக ஏற்றது.

கைப்பேசியோடு இணைந்து காடியின் கணினியைப் படிக்கும் ஓபிடி2 ஸ்கேனர், டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு துண்டுக் கம்பி போதும். மிகப் பழைய சில ஜப்பானியக் காடிகள் ஓபிடி2-க்குப் பதில் சொல்லாது, முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கோடு வந்ததும் அழித்துவிடாதீர்கள். ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பகுதியைத் திறந்து, விளக்கு எரிந்த நேரத்தில் வேகம், எஞ்சின் சுற்று, வெப்பம் என்ன என்று குறித்து வையுங்கள். குலுங்கும் சாலையில் வந்ததா, மழைக்குப் பிறகு வந்ததா என்பதையும் எழுதுங்கள். விட்டு விட்டு வரும் கோளாறுக்கு இந்தக் குறிப்புதான் பாதி விடை.

பி0118 என்றால் அந்தச் சென்சாரின் மின்சுற்றில் மின்னழுத்தம் அளவுக்கு மேல் இருக்கிறது என்று பொருள். சென்சார் செத்துவிட்டது என்று அது சொல்லவே இல்லை. கம்பி அறுந்தாலும், சென்சாரில் மாட்டும் பிளக் தளர்ந்தாலும் இதே கோடுதான் வரும்.

அடுத்த சோதனை காலையில், எஞ்சினைத் தொடாமல். சாவியை ‘ஆன்’ நிலைக்கு மட்டும் திருப்பி, ஸ்கேனரில் குளிர்நீர் வெப்பத்தையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். இரவெல்லாம் நின்ற காடியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக, 25 டிகிரி பக்கம் இருக்க வேண்டும். குளிர்நீர் மட்டும் 10 டிகிரி என்றால் பிளக்கில் பச்சைத் துரு பூத்திருக்கலாம், சென்சாரும் பழுதாகியிருக்கலாம். மைனஸ் 40 என்று காட்டினால் மின்சுற்று எங்கோ விட்டுப்போய்க் கிடக்கிறது. நம்மூரில் அப்படி ஒரு குளிர் ஏது!

இப்போது சாவியை அணைத்து சென்சாரின் பிளக்கைக் கழற்றுங்கள். ஓட்டுநர் முன்னால் உள்ள வெப்ப மீட்டரின் முள்ளுக்கென்று தனியாக ஒற்றைக் கம்பிச் சென்சார் பல காடிகளில் உண்டு, அது நமக்கு வேண்டாம். சென்சாரின் இரு முனைகளுக்கு இடையே மின்தடையை அளந்தால் பல காடிகளில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவில் வரும். சூடாகச் சூடாகக் குறைய வேண்டும், அதுதான் முக்கியம். துல்லிய அளவை உங்கள் காடியின் கையேட்டில் பாருங்கள்.

சென்சார் சரியா? அப்படியானால் கம்பிப் பக்கம். சாவியை மறுபடி திருப்பி, கழற்றிய பிளக்கின் இரு முனைகளுக்கு இடையே அளந்தால் 5 வோல்ட் பக்கம் வர வேண்டும். வந்தால் துண்டுக் கம்பியால் இரண்டையும் இணையுங்கள். ஸ்கேனரில் வெப்பம் 120-க்கு மேல் தாவினால் கணினியும் கம்பியும் அந்த நேரத்துக்கு நலம். பல்பு வைத்த டெஸ்ட் லைட்டை மட்டும் இங்கே வைக்காதீர்கள், கணினியே கெட்டுப்போகலாம்.

“அந்த நேரத்துக்கு” என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பிளக்கை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, விசிறிக்கும் பெல்ட்டுக்கும் கை படாத தூரத்தில் கம்பிக் கட்டை விரல் விரலாக அசைத்துக்கொண்டே வாருங்கள். வேறொருவர் ஸ்கேனரைப் பார்க்கட்டும். எண் குதிக்கும் இடம்தான் கோளாறு. இரும்புத் தாங்கியில் உரசும் வளைவுகளை விடாதீர்கள். எலி கடித்த தடமும் தேடுங்கள். ஆந்தைக்குக் கூடு வைத்தே எலியை அடக்கும் செம்பனைக் காட்டில் காடி மட்டும் தப்புமா? பிளக்கின் உள்முனை அகன்று பிடியில்லாமல் இருந்தாலும் புதுச் சென்சாரால் பயனில்லை. என் அனுபவத்தில் பெரும்பாலும் இங்கேதான் பிடிபடும்.

அறுந்த கம்பியை வெறும் டேப் சுற்றி விடாமல் ஈயம் வைத்து, சூடுபட்டால் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய் போட்டு மூடுங்கள். சென்சாரையே மாற்ற வேண்டியிருந்தால் எஞ்சின் முழுதும் ஆறட்டும், சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கடைசியாகக் கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டு, விளக்கு எரிந்த அதே சாலையில் ஓட்டுங்கள். திரும்பி வந்து, விளக்கு எரியாவிட்டாலும் ‘பெண்டிங்’ கோடு, அதாவது இன்னும் உறுதியாகாத கோளாறு, ஏதாவது இருக்கிறதா என்று ஸ்கேனரில் பாருங்கள்.